படியேறிய கண்டக்டரும் பூட்டிய பூங்காவும்

லண்டனின் சிவப்பு மாடிப் பேருந்துகளில் அந்தக் காலத்தில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். டிரைவர் முன்னால் தனக்கென்று இருந்த சின்னக் கூண்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டினார். பணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த இருக்கையிலேயே கழிந்தது. கண்டக்டர் பின்பக்கப் படியில் ஏறி மேல்தளத்துக்குப் போவார், டிக்கெட் கொடுப்பார், இறங்குவார், அடுத்த நிறுத்தம் தாண்டியதும் மறுபடி ஏறுவார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே வண்டியில், ஒரே தெருப்புகையில் வேலை பார்த்தவர்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் நோய்க் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆண்டுக்கு ஆயிரம் டிரைவர்களில் 2.7 பேருக்கு முதன்முதலாக இதயநோய் வந்திருந்தது; கண்டக்டர்களில் 1.9 பேருக்கு. கண்டக்டர்களுக்கு நோய் தாமதமாக வந்தது, வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லை. நோய் கண்ட சில வாரங்களுக்குள் இறந்துபோவது டிரைவர்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

1953இல் 'லான்செட்' இதழில் இது வெளிவந்தது. உட்கார்ந்தே இருப்பது பற்றி இன்று நடக்கும் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் தொடக்கப்புள்ளி இந்தப் பேருந்துப் படிதான் என்பார்கள். எனக்கு அந்த எண்களைவிட, அவற்றைக் கண்ட பிறகு மாரிஸ் நடந்துகொண்ட விதம்தான் பெரிதாகப் படுகிறது. அவர் உடனே அச்சுக்கு ஓடவில்லை. அஞ்சல் துறைக்குப் போனார். சைக்கிளிலும் கால்நடையாகவும் கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்களை, அதே துறையில் நாற்காலியில் இருக்கும் தொலைபேசி இயக்குநர்களோடும் எழுத்தர்களோடும் ஒப்பிட்டார். அங்கும் அதே சாய்வு தெரிந்தது. அப்புறமும் ஒரு சந்தேகம் மிஞ்சியது: ஏற்கெனவே பருமனாக இருந்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ? அதற்குச் சீருடைக் கணக்கு கைகொடுத்தது. நிர்வாகம் தொழிலாளர்களுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுத்து வந்ததால் ஒவ்வொருவரின் இடுப்பளவும் பதிவேட்டில் இருந்தது. டிரைவர்களின் இடுப்பு பெரிதுதான், வேலையில் சேர்ந்த இளம் வயதிலேயே. ஆனால் ஒல்லியானவர்களை ஒல்லியானவர்களோடும் பருமனானவர்களைப் பருமனானவர்களோடும் வைத்துப் பார்த்தபோதும் கண்டக்டர்கள் தப்பித்திருந்தார்கள். பின்னர் அதையும் எழுதினார். தன் முடிவைத் தானே கால்சட்டை அளவு வரைக்கும் கொண்டுபோய் உரசிப் பார்த்த இந்த நேர்மை இல்லாமல் போயிருந்தால், அந்தப் படிகளை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மாரிஸ் 2009இல், தன் 99ஆம் வயதில் காலமானார்.

சென்னை மாநகரப் பேருந்தில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்த லண்டன் கண்டக்டர் கொஞ்சம் அந்நியமாகத் தெரியலாம். நம் பேருந்தில் கூட்ட நேரத்தில் கண்டக்டர் பின்வாசலை ஒட்டிய தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். "ஒரு தி.நகர், பாஸ் பண்ணுங்க" என்ற குரலோடு காசு கைமாறிப் போகும், டிக்கெட்டும் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். ஊர்ப்பக்கம் போனால் அதே வேலையைச் செய்பவர், தோளில் தோல்பையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார். வேலையின் பெயர் ஒன்று, உடம்புக்கு அமையும் நாள் வேறு. யார் எவ்வளவு அசைகிறார்கள் என்பதைத் தொழிலின் பெயரிலிருந்து ஊகிக்க முடியாது. போய்ப் பார்த்துப் படியை எண்ண வேண்டும். மாரிஸின் ஆட்கள் அதைத்தான் செய்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் தொடையிலோ இடுப்பிலோ கட்டும் சிறு முடுக்கமானியை வைத்து அதையே செய்கிறார்கள்.

இதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. அதை இங்கே அதிகம் பேர் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே ஒரு சணல் ஆலையில் ஜான் மேயரும் இரண்டு இந்திய ஆய்வாளர்களும் 213 ஆண்களின் சாப்பாட்டையும் எடையையும் கணக்கெடுத்து 1956இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க கடையில் உட்கார்ந்திருப்பவர், மேற்பார்வையாளர், எழுத்தர், தறியில் நிற்பவர், சுமை தூக்குபவர் என்று உழைப்பின் ஏணியில் ஒவ்வொரு படியிலும் ஆட்கள் அந்த ஒரே ஆலையில் கிடைத்தார்கள். உழைப்புக் கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, எடை ஏறவில்லை. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஏணியின் அடியில் இருந்தது. உட்கார்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். குறைந்தபட்ச அசைவு இருக்கும்வரை பசி உடம்பின் தேவையோடு ஒத்துப்போகிறது, அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பசிக்குக் கணக்குத் தெரிவதில்லை என்பது மேயரின் விளக்கம். ஓர் ஆலையின் 213 ஆண்களை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் "வேலையே செய்யாமல் எப்படிப் பசிக்கிறது?" என்று வீட்டில் கேட்கப்படும் கேள்விக்கு, கங்கைக் கரையில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடைக்குறிப்பு கிடைத்திருக்கிறது.

அதன் பிறகு நீண்ட காலத்துக்கு ஆய்வுகள் எல்லாம் உடற்பயிற்சியைச் சுற்றியே போயின. எவ்வளவு ஓடலாம், எவ்வளவு வியர்க்க வேண்டும் என்பதே கேள்வி. மீதி நேரம் எப்படிக் கழிகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. காலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டுப் பத்து மணிநேரம் நாற்காலியில் இருப்பவரை எந்தக் கணக்கில் வைப்பது? 2000க்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் ஆஸ்திரேலியாவின் நெவில் ஓவன், டேவிட் டன்ஸ்டன், ஜெனிவீவ் ஹீலி ஆகியோர் முக்கியமானவர்கள். பயிற்சி இல்லாமை வேறு, உட்கார்ந்தே இருத்தல் வேறு என்று அவர்கள் பிரித்தார்கள். விழித்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்தோ சாய்ந்தோ படுத்தோ, மிகக் குறைந்த ஆற்றலைச் செலவழிக்கும் நிலை என்பதுதான் இன்று ஆய்வுலகம் ஏற்றுக்கொண்ட வரையறை. தூக்கம் இதில் சேராது.

உட்காரும்போது உள்ளே என்ன நடக்கிறது? தொடையிலும் கெண்டைக்காலிலும் இருப்பவை பெரிய தசைகள். அவை சுருங்கும்போது, இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலேயே ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. முழுச் சுமையும் இன்சுலின்மேல் விழுகிறது. எலிகளின் பின்னங்கால்கள் எடை தாங்காதபடி சில மணிநேரம் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தக் கொழுப்பைப் பிடித்துத் தசைக்குள் அனுப்பும் நொதியின் வேலை வெகுவாகக் குறைந்தது. அதாவது கால்கள் ஓய்வெடுக்கும்போது உடம்பின் சில வேலைகளும் வெகுவாக மந்தமாகிவிடுகின்றன.

டன்ஸ்டன் குழு 2012இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. பருமனான 19 பேரைச் சர்க்கரையும் கொழுப்பும் கலந்த பானம் குடிக்கவைத்து ஐந்து மணிநேரம் உட்காரவைத்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்கள், அதே பானம். ஆனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் மெதுவாக நடந்தார்கள். ரத்தச் சர்க்கரை ஏற்றம் 24 சதவீதம் குறைந்தது. கொஞ்சம் வேகமாக நடந்த நாளில் 30 சதவீதம். மெதுநடைக்கும் வேகநடைக்கும் இடையே இவ்வளவுதான் வித்தியாசம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடம், தண்ணீர் பிடித்துவரப் போகிற நடை. பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வருகிற நடை. 2023இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கீத் டயஸ் குழு பல இடைவெளிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிட நடைதான் சர்க்கரையைத் தெளிவாகக் குறைத்தது. ரத்த அழுத்தமோ எந்த இடைவெளியில் நடந்தாலும் கொஞ்சம் இறங்கியது. அதில் கலந்துகொண்டவர்கள் 11 பேர்தான். எனவே அரைமணி, ஐந்து நிமிடம் என்பதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. திசை காட்டுகிறது, அவ்வளவே.

பெரிய அளவிலான கணக்கு 2016இல் வந்தது. உல்ஃப் எக்கலுண்டும் மற்றவர்களும் பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நாளுக்கு எட்டு மணிநேரத்துக்குமேல் உட்காருபவர்களிடம் கூடுதலாகத் தெரியும் மரண அபாயம், 60 முதல் 75 நிமிடம் மிதமான உழைப்பு இருப்பவர்களிடம் ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆறுதலான செய்திதான். ஆனால் எட்டு மணிநேர வேலையும் இரண்டு மணிநேரப் பயணமும் முடித்து வருபவருக்கு அந்த ஒரு மணிநேரம் எங்கிருந்து கிடைக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதல் இந்த இடத்தில் கொஞ்சம் இளகியது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று சொன்னது. தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது இருந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. மாடிப்படி ஏறும் அரை நிமிடமும் இப்போது கணக்கில் வரும்.

மாற்றுவது எப்படி என்ற ஆய்வுகளுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளாட்சி அலுவலக ஊழியர்கள் 756 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வழக்கம்போல் இருந்தது. இரண்டாவது குழுவுக்கு வகுப்பு, நினைவூட்டல், சக ஊழியர் ஒருவரின் ஊக்கம். மூன்றாவது குழுவுக்கு அவ்வளவும் கொடுத்து, உயர்த்தித் தாழ்த்தக்கூடிய மேசையையும் கொடுத்தார்கள். ஓர் ஆண்டு கழித்து, முதல் குழுவோடு ஒப்பிட்டால் இரண்டாவது குழுவில் உட்காரும் நேரம் நாளுக்கு 22 நிமிடம் குறைந்திருந்தது. மேசையும் கிடைத்த குழுவில் 64 நிமிடம். 2022இல் வந்த இந்த முடிவுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் பார்க்கும் முடிவு. சொல்லுக்கு 22, மரச்சாமானுக்கு 42. ஆனால் மேசை வந்தவர்கள் நின்றார்களே தவிர, பெரிதாக நடக்கவில்லை. மேசையால் அவ்வளவுதான் செய்ய முடியும்.

உட்காருவதே பாவம் என்ற முடிவுக்கு இங்கே தாவிவிடக் கூடாது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இன்னும் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். 2020இல் வெளியான ஆய்வில், அவர்களும் நாளுக்குப் பத்து மணிநேரம் போலச் சும்மாதான் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. நகரவாசிக்குச் சமம். ஆனால் அவர்கள் குந்தி உட்காருகிறார்கள், மண்டியிட்டு உட்காருகிறார்கள். அந்த இருப்பில் கால்தசைகள் முழுதாகத் தூங்குவதில்லை. இதைப் படித்தபோது என் பாட்டியின் அரிவாள்மணை நினைவுக்கு வந்தது. ஒரு காலை மடக்கி மணையின்மேல் வைத்து, மறுகாலை நீட்டி, கத்தரிக்காயை இரண்டு கையாலும் பிடித்து அரிவாளில் அழுத்துவார். நறுக்கி முடித்ததும் அலுமினியச் சட்டியை எடுத்துக்கொண்டு, தரையில் கையை ஊன்றாமல், ஒரே மூச்சில் எழுந்துவிடுவார். அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரிடம் தரையில் உட்கார்ந்து எழும்பச் சொல்லி மதிப்பெண் போட்ட மருத்துவர்கள், கையையும் முழங்காலையும் ஊன்றித் திணறியவர்களே அடுத்த ஆண்டுகளில் அதிகம் இறந்தார்கள் என்று 2012இல் எழுதினார்கள். பாட்டி அந்தத் தேர்வை நாளுக்கு இருபது தடவை எழுதிக்கொண்டிருந்தார். சமையல் மேடை வந்தது, சாப்பாட்டு மேசை வந்தது, மேற்கத்திய கழிப்பறை வந்தது. வயதானவர்களுக்கு அவை நிம்மதி; அதை மறுக்க மாட்டேன். ஆனால் தரையோடு இருந்த உறவு அறுந்ததில், கேட்காமலே கிடைத்துவந்த ஒரு பயிற்சி வீட்டைவிட்டுப் போய்விட்டது.

தமிழ்நாட்டைப் பற்றி நமக்கு நல்ல தரவுகள் உண்டு. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காக 14,227 பேரிடம் எடுத்து 2014இல் வெளியான கணக்கில், 54.4 சதவீதம் பேருக்குப் போதிய அசைவு இல்லை. நகரத்தில் 65 சதவீதம், கிராமத்திலும் பாதி. பொழுதுபோக்காக விளையாட்டோ நடையோ இருந்தவர்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே. மீதிப்பேர் அசைந்தார்கள் என்றால் அது வேலைக்காக, பிழைப்புக்காக. அந்த வேலை எந்திரத்துக்குப் போனால் அசைவும் அதோடு போய்விடும். அறிவுரை பலிக்காது என்று சொல்லவும் முடியாது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைச் சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தது. சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் சொல்லிக்கொடுத்து விடாமல் கவனித்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரையும் அதே அளவுக்குத்தான் காத்தது. நூறில் பதினைந்து பதினாறு பேருக்கு நோயைத் தள்ளிப்போட்டது அந்தச் சொல். ஆனால் அது விடாமல் கூப்பிட்டு விசாரித்துச் சொன்ன சொல்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது சென்னையின் இரண்டு தெருக்களின் கதை. 1990களின் நடுவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையத்தின் வி. மோகனும் அவர் குழுவினரும் திருமங்கலம் ஏசியாட் காலனியையும் தி.நகர் பாரதி நகரையும் எடுத்துக்கொண்டார்கள். முன்னது நடுத்தர வருமானக்காரர்கள் இருக்குமிடம். பின்னது ஏழைகள் இருக்குமிடம். காலனியில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், பாரதி நகரில் 6.5. அப்போது இது வசதியானவர்களின் நோய். நோயைப் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களுக்குப் பிறகு காலனிவாசிகள் ஒரு காரியம் செய்தார்கள். தாங்களே முன்வந்து ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்குமேல் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்கள் அங்கே முன்பு 14.2 சதவீதம், பிறகு 58.7. நான்கு மடங்கு! பத்தாண்டுகள் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது காலனியில் சர்க்கரை நோய் 15.4 சதவீதமாக மெல்ல ஏறியிருந்தது. பாரதி நகரில் அது 15.3. இரண்டு மடங்குக்கும் மேலே தாவி, வசதியான தெருவை எட்டிப் பிடித்திருந்தது.

பூங்காதான் ஒரு தெருவைக் காத்தது என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. சாப்பாடு, வருமானம், வேலை என்று எத்தனையோ மாறியிருக்கும். ஆனால் நடக்க வேண்டும் என்று புரிந்தவுடன் நிலமும் பணமும் திரட்டி நடைபாதை போட ஒரு தெருவால் முடிந்தது. அடுத்தடுத்து வீடு ஒட்டிய ஒரு தெருவில் அதே எண்ணம் வந்திருந்தால் எங்கே போட்டிருப்பார்கள்? தமிழ்நாடு அரசு 2023இல் மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதைகளைக் குறித்துக்கொடுத்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாதைக்குப் போய்ச்சேரப் பேருந்து ஏற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நடை வீட்டுவாசலில் தொடங்க வேண்டும். எங்கள் தெருவில் வாசலைத் தாண்டினால் மின்பெட்டி, அதற்கடுத்து நிறுத்திய பைக்குகள், அப்புறம் பெயர்ந்த கல். பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை அந்தக் கல்லில் தடுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. அதோடு அவர் நடையை விட்டுவிட்டார். மருத்துவர் இன்னமும் அவரை நடக்கச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்னொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். உட்காரவே விடாத வேலைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 வரைக்கும் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் பத்து பன்னிரண்டு மணிநேரம் நின்றபடி சேலையைப் பிரித்துப் பிரித்துக் காட்டும் பெண்களுக்குக் கால் வீங்குவது அவரவர் பாடாக இருந்தது. கேரளம் 2018இல் முந்திக்கொண்டது. பிறகு இங்கும் சட்டம் திருத்தப்பட்டது. உட்கார்ந்தே இருப்பது நோய் என்றால் இந்தப் பெண்கள் நலமாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? டென்மார்க்கில் 1,04,046 பேரைப் பின்தொடர்ந்து 2021இல் வெளியான ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஓய்வுநேரத்தில் அசைந்தவர்களுக்கு ஆயுள் கூடியது. வேலையில் கடுமையாக உழைத்தவர்களுக்கு அபாயம் கூடியது. தானாக எழுந்து நடந்து, களைத்தால் உட்கார முடிகிற உடம்பு ஒன்று. நிறுத்தி வைக்கப்பட்ட, இளைப்பாற விடப்படாத உடம்பு வேறு. இதயம் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடற்செயல்பாடு இல்லை, ஆண்களில் 42. பெண்கள் சோம்பேறிகள் என்று இதைப் படிப்பவர்கள், ஒரு பெண்ணின் நாளை மணிவாரியாக எழுதிப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதிப் பூங்கா காலையில் ஐந்து மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் நிற்கிறாள். பத்து மணிக்குமேல் பூட்டிவிடுகிறார்கள். மறுபடி மாலை நாலு மணிக்குத் திறக்கிறார்கள். எட்டரைக்கு காவலாளி விசில் ஊதிக்கொண்டு வருவார். நான் மாலையில் அங்கே சுற்றி வரும்போது ஒரு பெண்ணைச் சில நாள் பார்ப்பதுண்டு. ஜவுளிக்கடைச் சீருடைச் சேலை, கையில் சாப்பாட்டுக் கூடை. வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வருகிறவர். ஒருநாள் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே நடந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இன்னும் எவ்வளவு நேரம் சார் திறந்திருக்கும்?" எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள் என்றேன். அவர் கைப்பேசியில் மணி பார்த்தார். எட்டு இருபது. செருப்பைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். இரண்டாவது சுற்று முடிவதற்குள் விசில் சத்தம் கேட்டது.